பில் போட முடியாமல் நின்ற கடை, 61 ஜிபி ஃபயர்வால் லாக்

சரி, ரெக்கார்ட் ஆகிறது. வணக்கம். பின்னால் உறுமல் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராத்திரியில்தான் வரிசை கட்டும், எனக்கும் அப்போதுதான் வீடியோ எடுக்க நேரம் கிடைக்கிறது.

போன வாரம் மாமா போன் செய்தார், அக்கா வீட்டுக்காரர். எம்.சி. ரோட்டில் அவருக்குச் சின்ன ஜவுளிக்கடை. "மச்சான், பில் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு, கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்திருக்கு, சீக்கிரம் வா" என்றார். கடையில் உபுண்டு லினக்ஸ் போட்ட ஒரு பழைய டெஸ்க்டாப், பில்லிங் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் அதில்தான் ஓடுகிறது. போய்ப் பார்த்தால் டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பி இருக்கிறது. எழுத இடம் இல்லாமல் டேட்டாபேஸ் அப்படியே நின்றுவிட்டது. லாக், அதாவது கம்ப்யூட்டரில் நடப்பதைக் குறித்து வைக்கும் பதிவுகள், இருக்கும் வார் லாக் ஃபோல்டரில் சிஸ்லாக் என்ற பொதுப் பதிவு ஃபைல் மட்டும் 61 ஜிபி!

பதற்றத்தில் அந்த ஃபைலை ஆர்எம் கமாண்ட் போட்டு அழித்தேன். இடம் வரவில்லை, ஒரு எம்பி கூட வரவில்லை. லாக் எழுதும் ஆர்சிஸ்லாக் புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருக்கிறது, அது கையை எடுக்கும்வரை பெயர் மட்டும்தான் மறையும், டிஸ்க்கில் இடம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். ஆர்சிஸ்லாக்கை ரீஸ்டார்ட் செய்தபிறகுதான் இடம் திரும்பியது. ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை அழிக்காதீர்கள், ட்ரன்கேட் கமாண்டில் சைஸ் பூஜ்யம் கொடுத்துக் காலி செய்யுங்கள், திரையில் போட்டிருக்கிறேன்.

இத்தனையும் யார் வேலை என்று கேட்டால், என் வேலைதான். சில மாதத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று கனெக்ட் ஆகவில்லை என்று உபுண்டுவின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவில் லாகிங்கை ஃபுல் என்று வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டேன். லோ, மீடியம், ஹை, ஃபுல் என்று நான்கு நிலை உண்டு. லோ என்றால் பெரும்பாலும் தடுத்த பாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் வரும் தகவல் துண்டை மட்டும், அதையும் கட்டுப்பாட்டோடு எழுதும். ஃபுல் என்றால் வருகிற போகிற எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒரு வரி, கட்டுப்பாடே கிடையாது. இதில் கொடுமை என்னவென்றால், ஃபயர்வால் செய்தி சிஸ்டத்தின் மையமான கர்னலிலிருந்து வருவதால் உபுண்டுவில் அதே வரி யூஎஃப்டபிள்யூ டாட் லாக், கெர்ன் டாட் லாக், சிஸ்லாக் என்று மூன்று ஃபைலில் விழும், சிஸ்டத்தின் வேறொரு பதிவான ஜர்னலில் தனியாக இன்னொரு தடவை விழும். டிமெசேஜ் கமாண்டில் காட்டும் கர்னல் பஃபர் வேறு சின்னது, வட்டமாகச் சுற்றி எழுதுவது, அதில் ஃபயர்வால் வரி நிரம்பினால் ஹார்ட் டிஸ்க் எரர் மாதிரி முக்கியமான பழைய வரிகள் வெளியே தள்ளப்பட்டுவிடும். எனக்கு இடம் போனதைவிட இதுதான் பயம்.

கோபத்தில் அன்றைக்கு லாகிங்கை மொத்தமாக ஆஃப் செய்தேன். அது இரண்டாவது தப்பு. இரண்டு நாள் கழித்து மாமா இன்னொரு பில்லிங் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார், அது டேட்டாபேஸைத் தொடவே மாட்டேன் என்கிறது. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், மதியச் சாப்பாடு போய்விட்டது. கடைசியில் பார்த்தால் டேட்டாபேஸின் நெட்வொர்க் வாசலான 3306 போர்ட்டைப் பழைய கம்ப்யூட்டரின் முகவரிக்கு மட்டும்தான் திறந்து வைத்திருக்கிறேன். லாக் இருந்திருந்தால் டிபிடி 3306, அதாவது போய்ச் சேர வேண்டிய போர்ட் 3306 என்று ஒரே வரியில் தெரிந்திருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் லாக்கை நம்பிவிடாதீர்கள், விண்டோஸ் ஷேரிங்கின் 137, 138, 139, 445 போர்ட்டுகளில் தடுத்ததை யூஎஃப்டபிள்யூ வேண்டுமென்றே எழுதாது, சத்தம் அதிகம் என்று ஆஃப்டர் டாட் ரூல்ஸ் என்ற விதிக் கோப்பில் விலக்கி வைத்திருக்கிறார்கள்.

இப்போது செய்து வைத்திருப்பதைக் காட்டுகிறேன். லாகிங் லோ. அப்புறம் ஆர்சிஸ்லாக் டாட் டி ஃபோல்டரில் 20 என்று தொடங்கும் யூஎஃப்டபிள்யூ ஃபைல், அதன் கடைசி வரியில் & குறியும் ஸ்டாப்பும் கமெண்டாகத் தூங்குகிறது பாருங்கள், முன்னால் இருக்கும் # குறியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். இந்தக் கோப்புகளை எண் வரிசையில் படிப்பதால் சிஸ்லாக்குக்கும் கெர்ன் டாட் லாக்குக்கும் எழுதச் சொல்லும் 50 எண் கோப்புக்குப் போவதற்கு முன்பே வரி நின்றுவிடும், யூஎஃப்டபிள்யூ டாட் லாக்கில் மட்டும் விழும். ஜர்னலுக்கு இது பொருந்தாது, ஜர்னல்சிடிஎல் கமாண்டில் கே கொடுத்தால் அங்கே எப்போதும் போல இருக்கும். ஜர்னல் தானாகவே டிஸ்க்கில் பத்து சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி என்று அடங்கிக்கொள்ளும், அது பிரச்சினை இல்லை.

பழைய லாக்கைச் சுழற்றி ஒதுக்கும் லாக்ரொட்டேட்டில் யூஎஃப்டபிள்யூவுக்கு வாரம் ஒருமுறை, நான்கு பழைய பிரதி என்று இருக்கும். நான் மேக்ஸ்சைஸ் 100எம் சேர்த்தேன். ஆனால் லாக்ரொட்டேட் எழுந்து பார்ப்பதே நாளுக்கு ஒருமுறைதான், நடுவில் வெள்ளம் வந்தால் அது காப்பாற்றாது.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 192.168.1.1லிருந்து 224.0.0.1க்கு, ப்ரோட்டோ 2 என்று ஒரு வரி வந்துகொண்டே இருந்தது. ஹேக்கர் என்று அலற வேண்டாம், அது உங்கள் ரௌட்டர் "குழுவில் யாராவது இருக்கீங்களா" என்று கேட்கும் ஐஜிஎம்பி. பிஃபோர் டாட் ரூல்ஸில் அதற்கு மட்டும் ஒரு ட்ராப் வரி எழுதினேன், லாக் வரை போகாமலே நின்றுவிடும்.

இப்போது லாக்கில் புதிதாக விழும் வரியைக் காட்டும் டெயில் கமாண்ட் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் திரை அசையாது. அசையாததால்தான் இது கண்ணில் பட்டது, பாருங்கள், 192.168.1.37, டிபிடி 23. டெல்நெட், வேறு கம்ப்யூட்டருக்குள் நுழையும் பழைய வழி. கடையில் எவரும் டெல்நெட் தொடுவதில்லை. அந்த முகவரியில் இருப்பது சீலிங்குக்குக் கீழே மாட்டியிருக்கும் கேமரா பெட்டியாக இருக்கும் என்று நினைக்கிறேன், நாளைக்குக் கடை திறந்ததும் அதன் வயரைக் கழற்றிவிட்டு இந்த வரி நிற்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.