கைராசி என்று சொல்லாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எல்லோருமே ஒரு வார்த்தையைச் சொன்னீர்கள்: நர்ஸம்மாவுக்குக் கைராசி. அவர் ஊசி போட்டால் வலிக்காது, புண்ணுக்குக் கட்டுப் போட்டால் சீழ் பிடிக்காது. நீங்கள் நர்ஸம்மா என்கிற என் அம்மா இன்று இங்கே இருந்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். "ராசியாம் ராசி! இருபது நிமிஷம் தண்ணி கொதிச்சது யார் கண்ணுக்காவது தெரிஞ்சுதா?" என்பார்.

இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கியெறிகிற ஊசி அப்போது கிடையாது. கண்ணாடி சிரிஞ்சு, ஊசியும் திரும்பத் திரும்பப் பயன்படுவதுதான். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு 20 நிமிடம். நடுவில் யாராவது இன்னொரு ஊசியைப் போட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து நேரம் பார்ப்பார். ஊசி முனையைப் பஞ்சில் மெல்ல இழுப்பார். ஓர் இழை சிக்கினாலும் முனை மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். கல்லில் தீட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. உங்களுக்கு வலிக்காமல் போனது அந்தப் பஞ்சால்.

சீருடையில் நெஞ்சருகே ஒரு கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருப்பார். அம்மாவுக்கு அதைச் சரியாகக் குத்தத் தெரியவில்லை என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். குனிந்து பார்த்தால் அவருக்கு மட்டும் அது நேராகத் தெரியும். மணிக்கட்டில் ஒன்றும் இல்லாததால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் காய்ச்சல் என்றால் மடியில் போட்டுக் கொஞ்சுகிற அம்மா இல்லை அவர். தெர்மாமீட்டரை உதறுகிற அம்மா. எனக்கு அதில் நெடுநாள் கோபம். தம்பிக்கு இரண்டு வயதில் ஒரு ராத்திரி கடும் சளி. அவன் சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏதோ கேட்கப் போனேன். ஒரு விரலை உயர்த்தினார், அவ்வளவுதான். முழுசாக ஒரு நிமிடம் எண்ணி முடித்த பிறகே "என்ன?" என்றார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற பேச்சே கிடையாது. அந்த வயதுக் குழந்தைக்கு மூச்சு நிமிடத்துக்கு 40ஐத் தொட்டால் நிமோனியாவாக இருக்கலாம். விடிய விடிய எழுந்து எழுந்து எண்ணினார். காலையில் அவர் நோட்டில் ஒன்பது எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம். அதற்குப் பிறகு என் கோபம் முக்கால்வாசி போய்விட்டது.

மே 12 செவிலியர் தினத்தில் யாராவது நைட்டிங்கேலின் விளக்கைப் பற்றி ஆரம்பித்தால் குறுக்கிடுவார்: "அந்தம்மா கணக்குப் போட்டதைச் சொல்லுங்க." கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் செத்த வீரர்களே அதிகம் என்பதைப் படம் வரைந்து காட்டியவர் நைட்டிங்கேல். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 90 வயது வாழ்ந்தார். அம்மா அவரை ஒரு வயதால் முந்தினார்; அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கடைசி மாதங்களில் பெயர்களெல்லாம் மறந்துபோயின. என்னையே "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார். ஒருநாள் டிரிப்ஸ் ஏற்ற ஓர் இளம் நர்ஸ் வந்தாள். அம்மா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பயப்படுகிறார் என்று நினைத்து நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணுக்குத்தான் புரிந்தது. போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

அம்மா போர்வையை விலக்கிக் கையை நீட்டினார்.