ஆட முடிகிறபோதே விலகியவர் பக்கம்

நடுவர் அவர்களே, 'லைன்பேக்கருக்குப் பெருமை நீண்ட காலம் ஆடுவதிலா, ஆட முடிகிறபோதே விலகுவதிலா?' இதுதான் தலைப்பு. லைன்பேக்கர் என்றால் அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரர். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ரே லூயிஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கே 17 சீசன், கடைசி ஆட்டத்தில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் வெற்றி. பெரிய ஆட்டக்காரர், மறுக்கவே மாட்டேன். ஆனால் அப்படி ஒரு முடிவு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

சரி, ஜூனியர் சேயாவைப் பற்றி ஏன் அண்ணன் வாய் திறக்கவில்லை? அவரும் லைன்பேக்கர்தான், 20 சீசன் ஆடியவர். 2012 மே மாதம், 43 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பிறகு அவருடைய மூளையை ஆராய்ந்தபோது சி.டி.இ. இருந்தது தெரிந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவதோடு தொடர்புள்ள மூளைச் சிதைவு நோய் அது, உயிரோடு இருக்கிறவருக்கு இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் வழி இல்லை. லைன்பேக்கரின் வேலையே எதிரே முழு வேகத்தில் ஓடிவருகிறவன்மீது பாய்ந்து சாய்ப்பது, அதையும் ஒரே ஆட்டத்தில் பல முறை செய்வது.

என் ஆள் லூக் கீக்லி. 2012-இல் கரோலினா பேந்தர்ஸ் அணி அவரை எடுத்தது, மறு வருடமே லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. எதிரணி என்ன ஆட்டம் போடப் போகிறது என்பதைப் பந்து நகர்வதற்கு முன்பே கத்திச் சொல்லிவிடுவார், அப்படி ஒரு மூளை. அந்த மூளைக்குத்தான் 2015, 2016, 2017 என்று மூன்று வருடமும் அடி. 2016 நவம்பரில் சார்லட்டில், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸோடு நடந்த ஆட்டத்தில் அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்களே, அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா? மூச்சு வாங்க வாங்க, அத்தனை பேர் பார்க்க, தேம்பித் தேம்பி அழுகிறார். எனக்கு இன்னும் அது கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறமும் திரும்பி வந்து ஆடினார். 2019 சீசனில் 144 டாக்கிள், அதாவது பந்தோடு வருகிறவனைப் பிடித்துச் சாய்த்தது. அந்த நிலையில்தான், 2020 ஜனவரியில், 28 வயதில் போதும் என்றார். சின்ன வயதிலிருந்து வேகமாகவும் முரட்டுத்தனமாகவும்தான் ஆடியிருக்கிறேன், இனி அப்படி ஆட முடியுமா என்று தெரியவில்லை என்று தொண்டை அடைக்கச் சொன்னார். ஆட்டத்தின்மேல் ஆசை போனவர் பேச்சா இது?

இப்படிச் சீக்கிரம் விலகியவர்களைத்தான் 'பயந்து ஓடினார்கள்' என்றார் அண்ணன். 2015-இல் சான் பிரான்சிஸ்கோ அணியின் கிறிஸ் போர்லண்ட் தலையடி ஆபத்தைப் படித்துத் தெரிந்துகொண்டு, ஒரே சீசனோடு 24 வயதில் விலகினார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது வாங்கிய போனஸில் முக்கால் பங்கைத் திருப்பியும் கொடுத்தார். பயந்து ஓடுகிறவன் பணத்தையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவான், அண்ணே.

கீக்லியும் எங்கேயும் ஓடிவிடவில்லை. அதே 2020-இல் அதே பேந்தர்ஸில் ஸ்கவுட்டாகச் சேர்ந்தார். ஆட்டங்களைப் பார்த்து ஆட்டக்காரர்களை எடைபோடும் வேலை, முழுக்க முழுக்கத் தலையை வைத்துச் செய்கிற வேலை, நடுவர் அவர்களே.