28,000 கேட்ட கார்க் கண்ணாடி (ஷட்டர்) வேலை, 650 ரூபாயில் முடிந்தது!

வணக்கம் உறவுகளே. இன்றைக்குப் பிளேன்டீ கூட ஊற்றவில்லை, கையெல்லாம் கிரீஸ். முதலில் இதைப் பாருங்கள். பட்டனை அழுத்துகிறேன்... இறங்குகிறது... ஏறுகிறது. சத்தமே இல்லை!

ரேடியேட்டர் வீடியோ பார்த்தவர்களுக்கு நம்முடைய 110ஐத் தெரியும். 1997 கொரோலா, அப்பா ஓடிய கார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொழும்பு பம்பலப்பிட்டியில் பார்க்கிங் டிக்கெட் வாங்க டிரைவர் பக்க ஷட்டரை இறக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்து கதவுக்குள் நின்றுவிட்டது. வெள்ளவத்தை வருவதற்குள் மழை வேறு. வலது தோள் முழுக்க நனைந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் ஒரு கராஜுக்குப் போனேன். கதவைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "முழு செட்டும் மோட்டரோடு மாற்றணும், 28,000." கூலி தனியாம். பட்டனை அழுத்தினால் மோட்டர் சுற்றுகிற சத்தம் எனக்கே கேட்கிறது! சுற்றுகிற மோட்டரை எதற்கு மாற்ற வேண்டும்? எனக்கு வந்த கோபத்தில் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை நானே கதவின் உள்பக்கத்தை மூடுகிற டோர் போர்டைக் கழற்றினேன். உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, கை வைக்கிற இடத்தில் இரண்டு, சுற்றிவரப் பிளாஸ்டிக் கிளிப். போர்டை மேலே தூக்கி எடுத்து, சுவிட்ச் வயரைக் கழற்ற வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் காய்ந்த கிளிப், மூன்று உடைந்தது.

உள்ளே கத்தரிக்கோல் மாதிரி இரண்டு இரும்புக் கைகள் இருக்கும். அவற்றின் நுனியில் சின்ன நைலோன் ரோலர், கண்ணாடியின் அடியில் இருக்கிற தண்டவாளத்தில் ஓடும். அதில் ஒன்று இரண்டாகப் பிளந்து கதவின் அடியில் கிடந்தது. அவ்வளவுதான் நோய்!

வெள்ளவத்தையில் ரயில் ஏறி மருதானையில் இறங்கி, கார் பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன். முதல் மூன்று கடையிலும் "செட்டாகத்தான் இருக்கு" என்றார்கள். நான்காவது கடை ஐயா ஒரு பால்மா டின்னைக் கவிழ்த்தார், உள்ளே முழுக்க ரோலர்! உடைந்த துண்டைக் கையில் கொண்டு போயிருந்தேன், வைத்துப் பார்த்து எடுத்தோம். இரண்டு ரோலர் 500, மூன்று கிளிப் 150. மொத்தம் 650 ரூபாய். ஆ, ரயில் டிக்கெட்டைச் சேர்க்கவில்லை. சிலிக்கோன் ஸ்ப்ரே வீட்டில் இருந்தது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், இது முக்கியம். தண்டவாளத்தைக் கண்ணாடியோடு பிடிக்கிற இரண்டு போல்ட்டையும் கழற்றுவதற்கு முன்னால், கண்ணாடியைக் கையால் மேலே தூக்கி, கதவுச் சட்டத்துக்கு மேலாக மாஸ்கிங் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளே விழும். பக்கக் கண்ணாடி டெம்பர்ட், உடைந்தால் கற்கண்டு மாதிரி நொறுங்கிவிடும். இன்னொன்று, இந்தக் கத்தரிக்கோல் வகையில் மோட்டரைக் கழற்ற வேண்டாம். கைகளைப் பிடித்து வைத்திருப்பதே மோட்டர்தான். அது போனால் ஸ்பிரிங் விசையில் கைகள் சுழன்று விரலை நசுக்கிவிடும்.

ரோலர் ஏன் உடைந்தது? கண்ணாடி ஓடுகிற ரப்பர் பீடிங்கில் முன்பு யாரோ கிரீஸ் பூசியிருக்கிறார்கள். கிரீஸில் தூசி சேர்ந்து களியாகி, கண்ணாடியைப் பிடித்து இழுக்கிறது. அந்தப் பாரம் முழுக்க ரோலருக்கு. போதாததற்கு பெற்றோலிய எண்ணெய் ரப்பரை ஊத வைக்கும். தயவுசெய்து ரப்பருக்குக் கிரீஸ் போடாதீர்கள்! சப்பை ஸ்க்ரூடிரைவரில் துணி சுற்றித் துடைத்து, சிலிக்கோன் அடித்தால் போதும். கிரீஸ் தண்டவாளத்துக்கும் பற்சக்கரத்துக்கும்தான்.

இனி என்னை அதிகம் எரிச்சலாக்கிய விஷயம். போர்டுக்குப் பின்னால் பொலித்தீன் ஷீட் ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். என் கதவில் அது கிழிந்து, பாதியைக் காணவே இல்லை! முன்பு கழற்றியவர் பிய்த்து எறிந்திருக்கிறார். மழைத்தண்ணீர் எந்தக் காரிலும் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும், அடியில் இருக்கிற ஓட்டைகளால் வெளியே போகும். அது சீட் பக்கம் வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். "கார் நாற்றம்" வீடியோ ஞாபகமா? நாற்றத்துக்கு ஏசியில்தான் பிழை என்று உங்களிடம் உறுதியாகச் சொன்னேனே. அதற்கு மன்னியுங்கள். நாற வைத்த கார்ப்பெட் ஈரம் இந்தக் கதவால்தான் வந்திருக்கிறது.

மெத்தை சுற்றி வந்த தடித்த பொலித்தீனை அளவாக வெட்டினேன். பழைய கறுப்புப் பசையை ஹெயார் டிரையரால் சூடாக்கி, அதிலேயே ஒட்டிவிட்டேன். கீழ் ஓரத்தைக் கதவுக்கு உள்ளே செருகுங்கள், அப்போதுதான் தண்ணீர் திரும்ப உள்ளே வடியும். அந்த ஓட்டைகளையும் குச்சியால் குத்திவிட்டேன், ஒரு கைப்பிடி சேறு வந்தது.

சரி, தெஹிவளைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. வாளியால் ஊற்றிப் பார்க்கலாம் என்றிருந்தேன், இனித் தேவையில்லை. மழை விட்டதும் கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.