மழை நாளில் சாகாத உயிர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தோல் புற்றுநோய்க்கு வெளிச்சத்தால் வைத்தியம் பார்ப்பதையும், அதற்கு ஒரு வைட்டமின் எப்படித் துணை நிற்கிறது என்பதையும் பேச அழைத்திருக்கிறார்கள். நான் பல வருடங்களாகப் பின்தொடர்ந்து வரும் விஷயம் இது.

முதலில் ஒரு பழைய கதை. ஜெர்மனியின் மியூனிக் நகரில், தாப்பைனர் என்ற பேராசிரியரிடம் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் வேலை பார்த்தார். தண்ணீரில் நீந்தும் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிர், அக்ரிடின் சாயத்தில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்பது அவர் வேலை. அதே சாயம், அதே அளவு. ஆனால் ஒரு நாள் சட்டென்று செத்துவிடுகின்றன, இன்னொரு நாள் நீந்திக்கொண்டே இருக்கின்றன. அளவில் தப்பா? இல்லை. யோசித்துப் பார்த்தால், அவை பிழைத்த அன்று இடியும் மழையுமாக வானம் இருண்டு கிடந்திருக்கிறது. வித்தியாசம் வெளிச்சத்தில்! சாயத்தை மட்டும் விட்டால் சாகவில்லை, வெளிச்சம் மட்டும் பட்டாலும் சாகவில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் சாகின்றன. 1900-இல் இதை வெளியிட்டார். கூடவே ஆக்சிஜனும் வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. மறந்துவிடாதீர்கள்: மருந்து, வெளிச்சம், ஆக்சிஜன், மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும்.

சரி, இன்றைக்கு வருவோம். தோலின் மேல்பகுதியோடு நிற்கும் சில வகைப் புற்றுநோய்க்கும், புற்றாக மாறக்கூடிய சொரசொரப்பான திட்டுகளுக்கும்தான் இந்த வைத்தியம். மெலனோமா என்ற கொடிய வகைக்கு இது இல்லை. அமினோலெவுலினிக் அமிலம் கலந்த களிம்பைத் தடவி, சில மணி நேரம் காத்திருக்கிறோம். ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமை உடம்பு தயாரிக்கும்போது பிறக்கும் ஒரு பொருள், போர்பிரின். களிம்பைக் கொண்டு செல் அதைத் தயாரிக்கிறது. அது ஹீமாக மாற, கடைசிப் படியில் இரும்பைச் சேர்க்க வேண்டும். நோயுற்ற செல்லில் அந்தப் படி மந்தம். அதனால் போர்பிரின் அங்கே தேங்கிவிடுகிறது. கருநீல விளக்கைப் பிடித்தால் திட்டு மட்டும் இளஞ்சிவப்பாக ஒளிரும். முதன்முதலாகப் பார்த்த அன்று விளக்கை அணைக்கவே எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் சிவப்பு அல்லது நீல வெளிச்சம் பாய்ச்சுகிறோம். ராப்பின் சாயம் செய்த வேலையை இங்கே போர்பிரின் செய்கிறது, நோயுற்ற செல் சாகிறது. எரியும், நன்றாகவே எரியும். அதை மறைத்துப் பேசக் கூடாது. விசிறியும் குளிர்ந்த நீரும் கொஞ்சம் ஆறுதல் தரும்.

இப்போது வைட்டமின் டி. நன்றாகக் கேளுங்கள், இந்த வைட்டமின் புற்றைக் கொல்வதில்லை. போர்பிரினைத் தயாரிக்கும் நொதி ஒன்றை அது கூட்டுகிறது, இரும்பைச் சேர்க்கும் நொதியைக் குறைக்கிறது. தேக்கம் அதிகமாகிறது, வெளிச்சத்துக்குப் பிடி கிடைக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் எட்வர்ட் மேட்டின் குழு இதை எலிகளில் காட்டி, பிறகு மனிதர்களிடமும் பார்த்தது. வெளிச்சத்துக்கு முன் 5 அல்லது 14 நாள், தினமும் 10,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தபோது திட்டுகள் இன்னும் நன்றாக மறைந்தன.

தினசரி உச்ச வரம்பாகப் பெரியவர்களுக்குச் சொல்லப்படுவது 4,000 யூனிட். அதற்கு மேல் நாள்கணக்கில் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். ஆகவே மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். இது புற்றைக் கொன்றுவிடும் என்று நம்பி வெறும் மாத்திரையோடு நாள் கடத்தாதீர்கள். கொல்வதில்லை என்று மறுபடியும் சொல்கிறேன்.

வைட்டமின் பி3 பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஒரே வரி: 2015-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஏற்கெனவே தோல் புற்று வந்தவர்கள் பி3-இன் ஒரு வடிவமான நிகோடினமைடு 500 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை சாப்பிட்டபோது, மெலனோமா அல்லாத புதிய புற்றுகள் 23 சதவீதம் குறைந்தன. நிறுத்தியதும் அந்தப் பலனும் நின்றுபோனது.

வெளிச்ச வைத்தியம் எடுத்தவர்கள் அந்த இடத்தை இரண்டு நாள் வெயில் படாமல் மூடி வையுங்கள், ஜன்னலோர வெயிலும் வெயில்தான். வணக்கம்.