சுட்ட பிறகு எத்தனை நொடி?

அவைத் தலைவர் அவர்களே, திரைப்பட நண்பர்களே, அனைவர்க்கும் வணக்கம்.

திரையில் வன்முறை என்பது பற்றிப் பேச வந்திருக்கும் நான் அதை அடியோடு வெறுப்பவன் அல்லன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’யின் கடைசிக் காட்சியில் நாயகன் தில்லி அந்தப் பெரிய சுழல் துப்பாக்கியைப் பிடித்தபோது, அரங்கில் விசிலடித்தவர்களில் நானும் ஒருவன்; இன்றும் அந்தக் காட்சி தொலைக்காட்சியில் ஓடினால் சானலை மாற்ற மனம் வருவதில்லை. ஆகவே, கள்ளுக்கடையைத் தெருவில் நின்று திட்டுகிறவனாக என்னை எண்ண வேண்டாம். உள்ளே உட்கார்ந்துகொண்டு, எந்தப் பானையில் கலப்படம் என்று பேசுகிறவனாக எண்ணிக்கொள்ளுங்கள்.

வன்முறைப் படங்களைக் குறைகூறுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: எத்தனை தலை உருண்டது, எத்தனை குடம் இரத்தம் ஓடியது என்று. இதெல்லாம் ஹாலிவுட்டிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்பாரும் உண்டு. போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அடுவதைச் சுவைபடப் பாடிய கலிங்கத்துப்பரணியைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்ட நாம் அப்படிச் சொல்வது பொருந்தாது. எனக்கு எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லை. நான் கைக்கொள்ளும் அளவுகோல் வேறு. ஒருவன் சுடப்பட்டு விழுந்த பிறகு, படம் அவனோடு எத்தனை நொடி இருக்கிறது? உடல் தரையைத் தொடுமுன்னே காமிரா அடுத்தவனிடம் ஓடிவிடுகிறதா, அல்லது நின்று பார்க்கிறதா?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது 2022-இல் எட்வர்ட் பெர்கர் இயக்கத்தில் வெளிவந்த ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ என்னும் ஜெர்மானியப் படம். அதற்கு மூலமான, முதல் உலகப் போரைப் பற்றிய ஜெர்மானிய எழுத்தாளர் ரெமார்க்கின் நாவல் 1929-இல் நூலாக வந்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் படமாகிவிட்டது. அந்த நாவலிலும் இல்லாத, 1930-ஆம் ஆண்டுப் படத்திலும் இல்லாத ஒரு பகுதியைப் பெர்கர் தம் படத்தின் தொடக்கத்தில் வைத்திருக்கிறார். ஹைன்ரிக் என்ற இளைஞன் பதுங்குகுழியிலிருந்து ஏறித் தாக்குதலுக்கு ஓடுகிறான். அவன் சாவதை நமக்கு முழுதாகக் காட்டாமல், படம் அவன் சட்டையைப் பின்தொடர்கிறது. பிணங்களிலிருந்து சீருடைகளையும் பூட்சுகளையும் கழற்றுகிறார்கள். மூட்டை கட்டி ஏற்றுகிறார்கள். பெரிய தொட்டிகளில் போட்டு அலசுகிறார்கள், தண்ணீர் சிவக்கிறது. பிறகு வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன, குண்டு துளைத்த ஓட்டைகள் அடைபடுகின்றன. தைத்து முடித்த சட்டை, படையில் சேர வந்திருக்கும் பால் என்ற பள்ளி மாணவன் கைக்கு வருகிறது. கழுத்துப்பட்டியில் வேறு யாருடைய பெயரோ இருக்கிறதே என்று அவன் திருப்பிக் கொண்டுபோய்க் கேட்கிறான். அவருக்கு அளவு சரியாக இருந்திருக்காது, இது வழக்கமாக நடப்பதுதான் என்று சொல்லி, அதிகாரி அந்தப் பெயர்ச் சீட்டைக் கிழித்துக் கீழே போடுகிறார். பையன் சிரித்த முகத்தோடு சட்டையை வாங்கிக்கொண்டு போகிறான்.

இந்தச் சில நிமிடங்களில் அந்த அதிகாரி எதையும் உரக்கப் பேசுவதில்லை. அவருக்கு யார்மீதும் கோபமில்லை. அவர் அன்றைய வேலையைப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஒரு மனிதன் செத்த பின்னும் படம் அவனை விடாமல் பிடித்துக்கொண்டு சலவைக்கூடம், தையல்கூடம், பட்டுவாடா மேசை என்று நம்மை இழுத்துக்கொண்டு போவதால், பின்னால் வரும் ஒவ்வொரு தாக்குதலிலும் விழுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தொட்டித் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது.

இத்தனை நல்ல தொடக்கத்தை அந்தப் படமே கடைசியில் கெடுத்துக்கொண்டது என்பது என் வருத்தம். நாவலில் பால் 1918 அக்டோபரில், சொல்லத்தக்க செய்தி எதுவுமில்லை என்று படைத்தலைமை அறிக்கை எழுதிய ஓர் அமைதியான நாளில் சாகிறான். நூலின் தலைப்பே அந்த அறிக்கையைத்தான் குத்திக்காட்டுகிறது. பெர்கர் அதை நவம்பர் 11-க்கு நகர்த்தி, காலை பதினொரு மணிக்குப் போர் நிற்கப்போகும் நேரத்தில் வெறிபிடித்த தளபதி ஒருவரின் கட்டளையால் இன்னொரு பெரிய தாக்குதலை நடத்திக் காட்டுகிறார். அந்தக் கடைசிக் காலையிலும் ஆட்கள் செத்தது வரலாறுதான். ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கப் படைவீரர் பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சுடப்பட்டார். ஆனாலும், யாருக்கும் செய்தியாகாத சாவு என்பதே கதையாக இருக்கும்போது, கடிகாரத்தைக் காட்டிப் பதற்றம் ஏற்றிக் கொல்வது மசாலாப் படத்து உச்சக்காட்சியின் வேலை. நான்கு ஆஸ்கர் வாங்கிய படத்தை இப்படிச் சொல்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம், நினைத்துக்கொள்ளுங்கள்.

2025-இல் வந்த ‘வார்ஃபேர்’ என் அளவுகோலை வேறு விதமாகச் சோதித்தது. இராக்கின் ரமாதி நகரில் 2006-இல் நடந்த ஒரு மோதலை, அதில் இருந்த முன்னாள் அமெரிக்கக் கடற்படைச் சிறப்பு வீரர் ரே மெண்டோசாவும், இயக்குநர் அலெக்ஸ் கார்லண்டும் சேர்ந்து, அந்த வீரர்களின் நினைவுகளைக் கொண்டு எடுத்திருக்கிறார்கள். உணர்ச்சியைத் தூண்டும் பின்னணி இசை இல்லை. காயம்பட்டவன் அலறத் தொடங்கினால், அடுத்த காட்சிக்கு வெட்டி நம்மைக் காப்பாற்றுவதும் இல்லை. அலறல் தொடர்ந்துகொண்டே இருக்கிறது, வீரர்கள் புகுந்துகொண்ட ஒரு வீட்டின் நெருக்கமான அறைக்குள் மற்றவர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறார்கள். விழுந்தவனோடு இவ்வளவு நேரம் இருந்த போர்ப் படத்தை நான் அண்மையில் பார்க்கவில்லை.

ஆனால் விழுந்தவர்கள் எல்லோரோடும் அது அப்படி இருந்ததா? அமெரிக்கப் படையோடு வந்த இராக்கியர் ஒருவர் குண்டுவெடிப்பில் சிதறி, அவர் உடல் தெருவிலேயே கிடக்கிறது. படம் அதைக் காட்டத்தான் செய்கிறது. ஆயினும் உள்ளே கிடக்கும் அமெரிக்கரின் வலிக்கு நிமிடக்கணக்கில் நேரம் ஒதுக்கிய படம், அந்த இராக்கியருக்குச் சில பார்வைகளை மட்டுமே ஒதுக்குகிறது. எவருடைய வீடு உடைக்கப்பட்டதோ அந்தக் குடும்பம் பெரும்பாலான நேரம் ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நொடிகளை எண்ணிப் பார்க்கும்போதுதான், ஒரு படம் யாரை மனிதராகக் கருதுகிறது என்பது பிடிபடுகிறது.

நம் பக்கத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2014-இல் காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையைச் சொன்ன ‘அமரன்’, அதை அவர் மனைவியின் நினைவுகள் வழியாகச் சொன்னது. அதனால் அவரது சாவு ஒரு வீட்டுக்குள் வந்து விழுகிறது. சாய் பல்லவியின் முகத்தில் அது நெடுநேரம் தங்கவும் செய்கிறது. எதிரே விழுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. பெயர் சொல்லிக் காட்டப்படுகிற ஓரிருவர் நீங்கலாக, ஏனையோர் விளையாட்டுப் பொம்மைகளாகவே சாய்கிறார்கள். ‘கைதி’யிலும் அந்தச் சுழல் துப்பாக்கியால் எத்தனை பேர் செத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை, பசித்திருந்த ஒரு மனிதன் முன்னால் பிரியாணிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அள்ளி அள்ளித் தின்ற காட்சி மட்டும் ஒவ்வொரு கவளமாக நினைவிருக்கிறது.

திரில்லர் படங்களில் இந்த நொடிக்கணக்கை ஏமாற்றாமல் விளையாடிய படம் என்று நான் கருதுவது, கொஞ்சம் பழசுதான், கோயன் சகோதரர்களின் 2007-ஆம் ஆண்டுப் படமான ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’. அதில் கொலைகாரன் சிகர், ஓட்டல் அறையில் ஒருவரைச் சுட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது, தரையில் இரத்தம் பரவி வருவதைக் கண்டு பூட்சில் படாமல் கால்களைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொள்கிறான். வெகுநேரம் கழித்து, ஒரு பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து அவளுக்காகக் காத்திருக்கிறான். இருவரும் பேசுவதைக் காட்டும் படம், அதன்பின் உள்ளே என்ன நடந்தது என்று நமக்குக் காட்டுவதில்லை. துப்பாக்கிச் சத்தமும் இல்லை. வெளியே வருகிறான், வாசல் திண்ணையில் நின்று பூட்சின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கிறான், நடந்து போகிறான். சொட்டு இரத்தமின்றி இதைவிடக் கொடுமையான கொலையை யாரும் எடுக்கவில்லை என்பேன்.

காட்டாமல் கேட்க வைத்த படத்துக்கு அண்மைய எடுத்துக்காட்டு, ஜோனதன் கிளேசரின் ‘த ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’. ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி ருடால்ஃப் ஹெஸ் குடும்பத்தோடு வாழ்ந்த வீட்டையும் தோட்டத்தையுமே படம் பெரும்பாலும் காட்டுகிறது. மதில் சுவருக்கு அப்பால் வேட்டுச் சத்தமும் அலறலும் உலைகளின் இரைச்சலும் இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. முகாமில் பறித்த ரோமக் கோட்டைத் தளபதியின் மனைவி கண்ணாடி முன் போட்டுப் பார்க்கிறாள். அதன் பையிலிருந்த உதட்டுச் சாயத்தைத் தானும் பூசிப் பார்க்கிறாள். அதற்குரியவள் யாரென்று படம் சொல்வதில்லை. சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் 2024-இல் இந்தப் படத்துக்குக் கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

ஒலி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘ஏ’ சான்றிதழ் பெற்ற ஒரு படத்துக்கு அண்மையில் போயிருந்தேன். அரங்கின் பெயர் வேண்டாம். எனக்கு முன்வரிசையில் ஏழு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன். வாசலில் யாரும் தடுக்கவில்லை. வெட்டு விழும் இடங்களில் எல்லாம் அவன் தாய் முந்தானையால் அவன் கண்களைப் பொத்தினார். காதுகளை யாரும் பொத்தவில்லை. முந்தானைக்குள்ளிருந்தபடியே அவன் ஒவ்வொரு வெட்டுச் சத்தத்துக்கும் தோளைக் குலுக்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்; அதன்பின் திரையில் எனக்கு மனம் செல்லவில்லை. 2024-இலிருந்து தணிக்கை வாரியம் ‘யு/ஏ’ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துத் தருகிறது. சான்றிதழ் எதுவானாலும் வாசலில் நிற்பவர் அதைப் பார்க்க வேண்டுமே. மறு ஆண்டு ‘கூலி’க்கு ‘ஏ’ கிடைத்தபோது, பிள்ளைகளோடு போக முடியவில்லையே என்று வருந்திய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு அன்று நான் வாதிடவில்லை, இன்று வாதிடத் தயாராக இருக்கிறேன்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். இனி விளக்கணைத்ததும், நான் முதலில் சொன்ன அந்த ஜெர்மானியப் படத்தின் தொடக்கப் பகுதியைத் திரையிடப் போகிறார்கள். தையல்கூடக் காட்சி வரும்போது கண்களைச் சிறிது மூடிக்கொண்டு அந்த இயந்திரங்களின் ஓசையை மட்டும் கேட்டுப் பாருங்கள். எனக்கு அது இயந்திரத் துப்பாக்கியாகக் கேட்டது. உங்களுக்கு எப்படிக் கேட்டது என்பதைத் தேநீர் இடைவேளையில் சொல்லுங்கள். நான் கடைசி வரிசையில்தான் இருப்பேன். வணக்கம்.