மருந்துச் சீட்டை எழுதியது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "எல்லோருக்கும் பொது மருத்துவம் வந்தது ஆட்சியாளர்களின் தொலைநோக்காலா, உழைக்கும் மக்களின் அரசியலாலா?" இதுதான் இன்றைய கேள்வி. உழைப்பவர்களின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக இருந்த பிஸ்மார்க்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். 1883இலேயே ஜெர்மனியில் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் போட்டாரே, அவர் என்ன தொழிற்சங்கத் தலைவரா என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். சரி. அதே பிஸ்மார்க் 1878இல் கொண்டுவந்த சட்டத்தை மட்டும் நண்பர் ஏன் விட்டுவிட்டார்? சோஷலிஸ்டுகள் கூட்டம் போடக் கூடாது, பத்திரிகை நடத்தக் கூடாது என்ற சட்டம் அது. ஒரு கையில் தடி, மறு கையில் மருந்து. தொழிலாளி அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவானோ என்ற பயம்தானே ஐயா அந்த மருந்துச் சீட்டை எழுதியது? அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளர்கள் கட்டியதால் நிதியை நிர்வகிக்கும் குழுக்களிலும் அவர்களுக்கே பெரும்பான்மை. வாசலில் விரட்டப்பட்ட சோஷலிஸ்டுகள் சந்தாக் கணக்கு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்!

பிரிட்டனுக்கு வருவோம். எல்லோருக்கும் சமூகப் பாதுகாப்பு வேண்டும் என்று 1942இல் பெவரிட்ஜ் எழுதிய அறிக்கையைப் படித்துக் காட்டினார்கள். நல்ல அறிக்கை, மறுக்கவில்லை. ஆனால் அறிக்கை வருவதற்கு முன்பே வேல்ஸில் ட்ரெடீகர் என்ற சுரங்க ஊரில் அந்த மருத்துவம் நடந்துகொண்டிருந்தது. நிலக்கரி வெட்டுபவர்களும் இரும்பாலைக்காரர்களும் வாரக் கூலியில் பவுனுக்குச் சில பென்னி வீதம் விட்டுக்கொடுத்தார்கள். அந்தக் காசில் அவர்களுடைய மருத்துவ உதவிச் சங்கமே மருத்துவர்களைச் சம்பளத்துக்கு வைத்தது. பல் வைத்தியம், மூக்குக்கண்ணாடி, ஆஸ்பத்திரி எல்லாம் அதில் அடக்கம். ஊரில் ஏறக்குறைய எல்லோரும் அதன் நிழலில் இருந்தார்கள்.

அந்த ஊரில் 13 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர் அனூரின் பெவன். அவருடைய அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. கரித்தூசி நுரையீரலை அடைத்து, மகன் கண்ணெதிரே இறந்தார். இழப்பீடு? ஒன்றும் இல்லை. அந்த நோய் அப்போது பட்டியலில் இல்லையாம்! 1945 தேர்தலில் தொழிற்கட்சி வென்றதும் இந்த மகன்தான் சுகாதார அமைச்சர். ட்ரெடீகரில் எங்களுக்கு இருந்ததைத்தான் நாடு முழுவதற்கும் விரிக்கிறேன் என்றார். சும்மா விட்டார்களா? 1948 பிப்ரவரியில் மருத்துவர் சங்கம் வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் எதிர்ப்பு. தனியாகக் கட்டணம் வாங்கும் தொழிலையும் செய்துகொள்ளலாம் என்று பெரிய மருத்துவர்களுக்கு விட்டுக்கொடுத்துத்தான் பெவன் அவர்களை வழிக்குக் கொண்டுவந்தார். அந்தப் பேரத்தில் எனக்கு மனவருத்தம் உண்டு. ஆனாலும் ஜூலை 5ஆம் தேதி எல்லோருக்கும் இலவசமான தேசிய சுகாதார சேவையின் கதவு திறந்தது.

திறந்ததும் ஜனங்கள் எதற்கு ஓடினார்கள் தெரியுமா? கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும். அதுவரை ஏழை வீட்டுப் பாட்டி கடை மேசையில் குவித்து வைத்திருக்கும் கண்ணாடிகளை ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்ப்பாள். எழுத்து ஓரளவு தெரிந்தால் அதுதான் அவளுக்கு. முதல் ஆண்டில் மட்டும் 50 லட்சம் கண்ணாடிகள் போயின. அத்தனை பேர் மங்கலாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். தொலைநோக்குள்ளவர்களுக்கு அது எப்படித் தெரியாமல் போனது?

கனடாவில் டாமி டக்ளஸ் என்ற சிறுவனின் கால் போகவிருந்தது. மாணவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று ஒரு மருத்துவர் இலவசமாக அறுவை செய்து காப்பாற்றினார். தனிமனிதக் கருணை என்பார் நண்பர். அந்தச் சிறுவனோ, ஒரு குழந்தையின் கால் அப்படி ஒரு தற்செயலில் தொங்கக் கூடாது என்று நினைத்தான். விவசாயிகளும் தொழிலாளர்களும் கட்டிய கட்சியின் தலைவனாகி, சஸ்காட்செவான் மாகாணத்தில் எல்லோருக்குமான பொது மருத்துவத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டான். 1962 ஜூலையில் திட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தம். 23 நாள். அரசு பின்வாங்கவில்லை.

எங்கள் அணிக்குச் சங்கடமான ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். 1951இல் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் பாதி விலையைக் கட்டணமாகப் போட்டது அதே தொழிற்கட்சி அரசுதான். கொரியப் போரை ஒட்டி ஆயுதத்துக்குப் பணம் தேவைப்பட்டதாம். பெவன் அப்போது சுகாதார அமைச்சர்கூட இல்லை, தொழிலாளர் துறைக்கு மாறியிருந்தார். படித்த மேதைகள் நிறைந்த அந்த அமைச்சரவையில், அந்தப் பாதி விலைக் கண்ணாடிக்காக முதலில் பதவியை விட்டு வெளியே போனவர் அந்தச் சுரங்கக்காரர்தான், நடுவர் அவர்களே. மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்கிறேன்.