போர்ட் ஆர்தருக்குப் பிறகு

நண்பர்களே, 1996 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில் போர்ட் ஆர்தர் என்ற பழைய சிறைக் குடியிருப்பு. சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் இடம். அங்கே ஒருவன் சுட்டதில் 35 பேர் இறந்தார்கள். அவன் பெயர் இந்த மேடைக்கு வேண்டாம்.

மே 10-ஆம் தேதிக்குள் மத்திய அரசும் எல்லா மாநிலங்களும் ஒரே ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டன. துப்பாக்கிச் சட்டம் அங்கே மாநிலங்களின் கையில் இருப்பது. மத்திய-மாநில இழுபறியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த 12 நாள் நம்பக் கஷ்டமாக இருக்கும்! ஒருமுறை சுட்டதும் அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்குக் கடும் கட்டுப்பாடு; பெரும்பாலானவற்றுக்குத் தடை. ஒவ்வொரு துப்பாக்கியும் பதிவாக வேண்டும். ‘தற்காப்புக்காக’ என்று சொன்னால் உரிமம் கிடையாது. தடை செய்ததை அரசே விலை கொடுத்து வாங்கியது. சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகள். பணம்? மருத்துவக் காப்பீட்டு வரியை ஒரே ஒரு முறை 0.2 சதவீதப் புள்ளி உயர்த்தினார்கள்.

சரி, இதில் யாருக்கு நஷ்டம்? இதைத்தான் நாம் பேசுவதில்லை. பிரதமர் ஜான் ஹோவர்ட் வலதுசாரி. கோபப்பட்டவர்கள் அவருக்கு ஓட்டுப் போட்ட கிராமத்துக்காரர்கள். சேல் என்ற ஊரில் அவர்கள் கூட்டத்துக்குக் குண்டு துளைக்காத உடை அணிந்து போனார். அது தவறு என்று பின்னாளில் அவரே சொன்னார். துணைப் பிரதமர் டிம் ஃபிஷர் நிலைமை இன்னும் மோசம்: அவர் கட்சியே விவசாயிகள் கட்சி. கசப்பு பல வருடம் நீடித்தது. 1998 குயின்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில், இந்தச் சட்டங்களை எதிர்த்த ஒன் நேஷன் என்ற புதிய வலதுசாரிக் கட்சி 11 இடங்களைப் பிடித்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். சொந்த ஓட்டு போகும் என்று தெரிந்தே செய்தார்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

இதோடு எல்லாம் நின்றுவிட்டதா என்றால், இல்லை. 2018-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரே குடும்பத்தில் 7 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். ஆனால் 1996 ஒப்பந்தத்துக்குப் பிறகு துப்பாக்கிச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அதில் எவ்வளவு சட்டத்தால் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

அப்புறம் அந்தப் போர்ட் ஆர்தர். பலர் இறந்த பிராட் ஆரோ உணவகத்தை முழுதாக இடிக்கவில்லை. கூரையில்லாச் சுவர்களை விட்டுவைத்து, பக்கத்தில் குளமும் நினைவுத் தோட்டமும் அமைத்தார்கள். இறந்தவர்களில் அங்கேயே வேலை பார்த்தவர்களும் உண்டு. அதனால், போகிறவர்கள் ஊழியர்களிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்காதீர்கள். வேண்டிய விவரம் துண்டறிக்கையில் இருக்கிறது.